ஆமாம்பா

வலது கையைச் சட்டைக்குள் நுழைத்தாகிவிட்டது. இடது கைதான் மடங்க மறுத்தது.

"மெதுவா இழு, வலிக்கப் போகுது" என்றாள் அம்மா. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மகள் அப்பாவின் தோளைத் தூக்கிப் பிடித்தாள். காலை ஏழே காலுக்குப் போன உயிர். இப்போது மணி பத்து. பன்னிரண்டுக்கு வண்டி வருகிறது.

அவர் அனல்மின் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் பாய்லர் ஆபரேட்டர். மகளோ காற்றில் தூசு எவ்வளவு என்று அளக்கும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஒரே கூரைக்குக் கீழே இது எப்படி ஒத்துப்போகும்? அவள் அலுவலகம் கொடுத்த அறிக்கையால்தான் நிலையத்தை மூடினார்கள். அவர் ஓய்வு பெற்று அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும், "பெத்த பொண்ணே எனக்குப் பூட்டு போட்டுட்டா" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதில் கோபம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று கேட்டவர்களுக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் பெயர் எதிர்க்கட்சி. "எதிர்க்கட்சி வந்தாச்சா? அப்ப சாப்பாட்டை எடுத்து வை" என்பார்.

பிறகு எங்கேயோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டன. எரிவாயுக் கப்பல்கள் நின்றன. மின்சாரம் போதாமல், மூடிய நிலையத்தை மறுபடி பற்றவைத்தார்கள். மூன்று நாள் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"உன் காத்தாடியும் சோலாரும் என்னத்தக் கிழிச்சுது? கடைசியில என் கரிதானே வேண்டியிருக்கு?"

"காத்தாடிய நிறைய நட்டிருந்தா எவன் எவனோட சண்டை போட்டா நமக்கென்னப்பா? கப்பல நம்பினதுதானே தப்பு?"

"சண்டைன்னு வந்தா ஒரேயடியா அடிச்சு முடிக்கணும்."

"ஊரான் வீட்டுப் பிள்ளைங்கதானே சாகுது, உங்களுக்கென்ன!"

தட்டில் சோறு ஆறிப்போகும். அம்மா தலையில் அடித்துக்கொண்டு டிவியை அணைப்பாள்.

போன மாதம் அவருக்கு இரண்டாவது மாரடைப்பு. "இன்னொண்ணு வந்தா தாங்க மாட்டார், அது அவருக்குத் தெரிய வேண்டாம். இனிமே கோபமே வரக்கூடாது. வாக்குவாதம் அறவே வேண்டாம்" என்று மருத்துவர் வராந்தாவில் வைத்துச் சொன்னார். அம்மா அங்கேயே மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் எது சொன்னாலும் ஆமான்னு சொல்லிடுடி. என்மேல சத்தியம் பண்ணு." பண்ணினாள்.

வீட்டுக்கு வந்த அன்றே அவர் ஆரம்பித்தார். "பாத்தியா, இன்னும் ரெண்டு யூனிட்டை ஓட்டப் போறாங்களாம்."

"ஆமாம்பா. நல்லதுதான்."

கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள், "புகையால எவனும் செத்ததில்ல" என்றார். "ஆமாம்பா" என்றாள். அதற்கு அடுத்த நாள், "வெயில் ஏறுது ஏறுதுன்னு நீங்கல்லாம் சொல்றது சுத்தப் புளுகு" என்றார். "இருக்கும்பா" என்று சொல்லிவிட்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவர் பேப்பரைப் பிரிக்கவே இல்லை. டிவியைப் போடச் சொல்லவும் இல்லை. ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மகளும் மருந்து வேலை செய்கிறது என்றே நம்பினாள்.

நேற்றுச் சாயங்காலம் திடீரென்று, "பேசாம அணுகுண்டைப் போட்டு முடிச்சிடணும்" என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்பா."

"தூக்கம் வருது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஒருவழியாக இடது கையும் சட்டைக்குள் போனது. அம்மா பொத்தான் போட ஆரம்பித்தபோது சைரன் மாமா வந்தார். அப்பாவோடு ஒரே பாய்லரில் வேலை பார்த்தவர். அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்; அதனால் அந்தப் பெயர். நண்பரின் நெற்றியில் கை வைத்தார்.

"போன வாரம் போன் பண்ணினாம்மா. 'டேய், என் கதை முடிஞ்சுது'ன்னான். டாக்டர் சொன்னாரான்னு கேட்டேன். 'அவர் வாயே திறக்கல. எதிர்க்கட்சி ஆமாம்பாங்கறா. அதுலயே தெரிஞ்சு போச்சு'ன்னான்."

பொத்தானில் இருந்த அம்மாவின் விரல்கள் நின்றன.

ஐயோ, எதை மறைத்தோம் என்று மகள் நினைத்தாளோ அதை அவள் வாயாலேயே தினமும் சொல்லியிருக்கிறாள். காப்பாற்றுகிறோம் என்று அவரை ஒரு மாதம் தன்னந்தனியாகப் பேசவிட்டிருக்கிறாள். ஒரே ஒரு தரம், "உளறாதீங்கப்பா" என்று சொல்லியிருந்தால் போதுமே!

அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சைரன் மாமா பதறினார். "அழாதம்மா. அவன் சொன்னதுதான் சரின்னு கடைசியில ஊரே ஒத்துக்கிச்சு. நீயும் ஒத்துக்கிட்ட. நிம்மதியாத்தான் போயிருப்பான்."

"நான் ஒத்துக்கல."

"என்னம்மா?"

"நான் ஒத்துக்கல மாமா." அவள் அப்பாவின் பக்கம் குனிந்தாள். "நான் சொன்னது பூரா பொய்ப்பா. ஒரு மாசமாப் பொய். வெயில் ஏறுதுதான். உங்க புகைபோக்கிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல நான்தான் தூசு அளந்தேன், அங்க பிள்ளைங்க இருமறது உங்களுக்குத் தெரியுமா? குண்டு போடணுமாம், குண்டு! சொல்றப்ப வாய் கூசல உங்களுக்கு?"

அழுகையில் குரல் உடைந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "செத்தவர்கிட்டப் போய்ச் சண்டை போடுதே இந்தப் பொண்ணு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். சைரன் மாமா தவித்துப்போய் அம்மாவைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா."

அம்மா எழுந்து வந்தாள். வாயைப் பொத்தப் போகிறாள் என்றே மகள் நினைத்தாள்.

"அந்தப் பக்கம் நின்னு கத்தி என்னடி பிரயோஜனம்? பாய்லர் சத்தத்துல அந்தக் காது போய் இருபது வருஷமாச்சே, மறந்துட்டியா? இந்தப் பக்கம் வந்து சொல்லு."

நாற்காலியை வலப்பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு குனிந்து, அவர் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிவிட்டாள்.