முதலில் வெளிவந்த குரல்களுடனேயே

1.

இந்தக் கதையின் முதல் பத்தி, மிச்சக் கதை பிறப்பதற்கு முன்பே வெளியே ஓடிவிட்டது. கதவைத் திறந்துவிட்டது இதை எழுதுகிறவன்தான்.

அவனுக்குப் பெயர் வேண்டாம். 'நான்' என்று எழுதிப் பார்த்தபோது மூன்றாவது வரியிலேயே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டேன். [இந்த ஒரு 'ஏன்' விகுதி தப்பித்து வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.] ஆகவே வீட்டில் கூப்பிடுகிறபடி 'தம்பி' என்றே இருக்கட்டும். தலை நரைத்தும் தம்பிதான். தொழில், வீட்டுச் சாமான்களுக்குக் கையேடு எழுதுவது. 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்பதுதான் அவன் எழுத்திலேயே அதிக வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த வாக்கியம். அதையும் ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. கதை எழுதுவது விடுமுறை நாள் வியாதி.

நடந்தது இது. பறக்கிறவன் படங்கள் மூன்று உண்டு. சாதாரண ஆள் ஒருவன், ஆபத்து என்று யாராவது கத்தினால் சிவப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு பறந்து வருவான். பழைய படங்கள். அவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்து, ஒரு பெட்டியில் போட்டு, டிஸ்க்காக மறுபடி வெளியிடப்போவதாக ஒரு கம்பெனி அறிவித்தது. இது உண்மை. இதற்காகவே பல வருஷமாக ஒரு ரசிகர் குழு தொலைபேசியில் காத்துக் கிடந்தது. இதுவும் உண்மை. தம்பி அந்த அறிவிப்பைத் தன் கதையின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, அதன் அடியில் ஒரே ஒரு வரியைச் சொந்தச் சரக்காகச் சேர்த்தான்.

'நம் மொழியில், முதலில் வெளிவந்த குரல்களுடனேயே.'

எழுதியதைத் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்வது அவன் வழக்கம். தொலைபேசியில் அவன் பெயருக்கு நேர் கீழே அந்த ரசிகர் குழு இருந்தது. அவனுக்குக் கட்டைவிரல் கொஞ்சம் பெரிது.

2.

குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். படப் பெட்டிகளைச் சேர்க்கிறவர். சேர்ப்பதோடு சரி, பிரிக்கமாட்டார். அலமாரி நிறைய, மேல்தாள் கிழியாமல் நிற்கும். "பிரிச்சா போச்சு" என்பார். ஊரார் பல்லையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்குகிற கை, ஒரு பிளாஸ்டிக் தாளைத் தொட நடுங்கும்.

தம்பி பதறிப்போய் அந்தச் செய்தியை அழித்தான். அதற்குள் டாக்டர் அதைப் படமெடுத்து, கைக்கு எட்டிய குழுக்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தம்பி குழுவில் எழுதினான்.

"மன்னிக்கணும். அந்தக் கடைசி வரி கதை. நான் எழுதுற கதைக்காகச் சேர்த்தது."

"நீங்க கம்பெனி ஆளா?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க. கையேடு எழுதுறவன்."

"அதான் பார்த்தேன். உள்ளேர்ந்து கசிஞ்சிருக்கு. இப்ப பயந்துட்டார், பாவம். யாரும் இவரைத் தொந்தரவு பண்ணாதீங்க."

"ஐயா, சத்தியமா கதைங்க."

இதற்கு டாக்டரின் பதில் தனியாக வந்தது. "தைரியமா இருங்க சார். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நாங்க உயிர் போனாலும் சொல்லமாட்டோம்."

இத்தனை வருஷம் எழுதுகிறான். அவன் எழுதிய ஒரு கதையை முழுசாக நம்பிய முதல் வாசகர் இவர்தான்.

மறுநாள் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். பெயர் போட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. முகத்துக்குப் பதிலாக, விளிம்பு உடைந்த ஒரு பூந்தொட்டியின் படம். அந்தத் தொட்டியை உடைத்த தம்பிக்கு அதைத் தெரியாதா? அண்ணி வீட்டு ஜன்னலில் இருப்பது.

3.

இங்கே அண்ணனைக் கொண்டுவர வேண்டும். [தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.]

அந்த மூன்று படங்களிலும் பறக்கிறவனுக்கு நம் மொழியில் குரல் கொடுத்தது அண்ணன். பிற்பாடு படங்கள் டிவிக்கு வந்தபோது வேறு ஆளை வைத்துப் பேசவைத்துவிட்டார்கள். பழைய குரல் தியேட்டரோடும் கொஞ்சம் கேசட்டுகளோடும் சரி. கேசட்டுகளைப் பூஞ்சை தின்றுவிட்டது. அண்ணனுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் பிழைத்தார், குரல் பிழைக்கவில்லை. வெறும் காற்று வந்தது. சில வருஷம் அந்தக் காற்றிலேயே கோபித்துக்கொண்டு, கிண்டல் செய்துகொண்டு இருந்துவிட்டு, அவரும் போய்விட்டார். வீட்டுத் தொலைபேசிகளில் மிச்சம் இருப்பதெல்லாம் அந்தக் காற்றுதான். கல்யாண வீடியோ ஒன்று இருக்கிறது. எடுத்தவர் ரசனையுள்ள மனிதர். ஆரம்பம் முதல் கடைசிவரை பாட்டைப் போட்டு, வந்திருந்த அத்தனை பேர் வாயையும் அடைத்துவிட்டார்.

ஆக, விஷயம் இவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குள் பழைய ஒலி இருந்தால் அண்ணன் மறுபடி பேசுவார். இல்லாவிட்டால் இல்லவே இல்லை. இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் தம்பி.

இப்போது அந்தக் குரலை உங்களுக்குக் கேட்கவைக்க வேண்டும்.

அண்ணனின் குரல் கனமானது, ஆனால் அந்தக் கனத்தில் ஒரு —

அண்ணன் வாயைத் திறந்தால் பக்கத்து அறையில் —

[வெண்கலம் என்று எழுதி அழித்தாயிற்று. கதைகளில் எல்லாருக்குமே வெண்கலம்தான்.]

அது எப்படிப்பட்ட குரல் என்றால் —

* ஓர் அடிக்குறிப்பு: குளியலறையிலிருந்து "துண்டு எடு" என்று அண்ணன் கூப்பிடுவதும் இதே குரலில்தான். "ஊரையே காப்பாத்துறவருக்குத் துண்டு எடுத்துட்டுப் போகத் தெரியாதா?" என்று அண்ணி கேட்பார்.

பாருங்கள், வார்த்தை ஒன்றுகூடத் தவறாமல் வருகிறது. சத்தம்தான் வரவில்லை. 'வேலை முடிந்ததும் பீப் ஒலி எழும்பும்' என்று எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதற்குமேல் ஒலி எழுத வராது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

4.

அடுத்த சிக்கல் அண்ணி. எழுத எழுத அவர் ஜன்னலோரம் போய் நின்று தூரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். நிஜ அண்ணிக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது. கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. நாள் முழுக்க வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "முதலாவது தெளிவா, ரெண்டாவதா?" என்று கேட்க வேண்டும். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று யாராவது மழுப்பினால், "கண்ணு உங்களுதா, பக்கத்து வீட்டுக்காரருதா?" என்பார். அப்படிப்பட்டவரை ஏக்கத்தோடு நிற்கவைத்தால் கதை பொய்யாகிவிடும்.

பறக்கிறவனையும் அவருக்குப் பிடிக்காது. "ஜட்டியை வெளிய போடுறவனுக்குப் பேச இவர்தான் கிடைச்சாரா?" என்று கல்யாணமான புதிதிலேயே கேட்டவர். இப்போது அதே அண்ணி, பூந்தொட்டியாக மாறி, ரசிகர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இருக்கிற நேரமெல்லாம் கேள்வி.

"ரெண்டாவது படத்துல, பாலத்துலேர்ந்து விழுற பொண்ணைப் பிடிக்கும்போது என்ன சொல்வான்?"

"'கீழ பாக்காதே, என்னைப் பாரு'" என்று பல பேர் ஒரே நேரத்தில் எழுதினார்கள்.

"எப்படிச் சொல்வான்?"

"அடிவயித்துலேர்ந்து வரும்" என்றார் டாக்டர். "'பாரு'ங்கிற இடத்துல லேசா ஒரு சிரிப்பு இருக்கும்."

"சிரிப்பு இல்ல டாக்டர், மூச்சு வாங்குறது."

"நான் தியேட்டர்ல எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? சிரிப்புதான்."

"சண்டை போடாதீங்க" என்றது பூந்தொட்டி. "சிரிப்புன்னா எந்த மாதிரி சிரிப்பு?"

அன்று மத்தியானம் முழுக்க அந்தச் சிரிப்பைப் பற்றியே பேசினார்கள். ரசிகர்களை அண்ணி சோதித்துப் பார்க்கிறார் என்று தம்பி நினைத்தான். மற்றவர்கள் பெட்டியின் அட்டை, மேலங்கியின் சிவப்பு, வெட்டிய காட்சிகள் என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏமாந்தால் வேறு பெட்டி வரும். அண்ணிக்கு வராது.

5.

தம்பி கம்பெனிக்கு எழுதினான். பழைய ஒலி உண்டா, இல்லையா?

'தங்கள் ஆர்வம் எங்களுக்கு மிகவும் முக்கியமானது. விவரங்கள் உரிய நேரத்தில் வெளியிடப்படும்.'

இந்த நடையை அவனுக்குத் தெரியும். வாங்கிய சாமான் வேலை செய்யாவிட்டால் அதன் கையேட்டில் அவனே எழுதுகிற நடை. சொன்னது போலவும் இருக்கும், ஒன்றும் சொல்லாமலும் இருக்கும். மறுபடி எழுதினான், மறுபடி அவன் ஆர்வம் முக்கியமாக இருந்தது. போன் செய்தான். எண் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பதிவுக் குரல் சொல்லிக்கொண்டே போனது. [யாரோ ஒருத்தருடைய அண்ணனாக இருக்கும்.]

அண்ணியிடம் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் போனான். டிவிக்குக் கீழே ஒரு புது டிஸ்க் பிளேயர் உட்கார்ந்திருந்தது.

"வந்தியா தம்பி, இதை மாட்டிக் குடு. எந்த ஒயர் எங்க போகுதுன்னு புரியல."

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல மாட்டு. அப்புறம் சொல்லு."

கையேட்டைப் பிரித்தான். அவன் எழுதியதேதான். 'பொருத்தமான வடத்தைப் பொருத்தமான துளையில் பொருத்தவும்' என்றிருந்தது. எது பொருத்தம் என்று எழுதியவனுக்கே விளங்கவில்லை. மண்டியிட்டு ஒவ்வொரு துளையாகக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த மடையன் எழுதினான் இதை?" என்றார் அண்ணி.

"தெரியல அண்ணி."

சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீடு வந்து சேர்ந்தான்.

6.

கதையாவது முடியட்டும் என்று சில முடிவுகள் எழுதிப் பார்த்தான்.

அ. கம்பெனியின் கிடங்கில், தூசிக்கு அடியில், பழைய ஒலிநாடா கிடைக்கிறது. பெட்டி வருகிறது. பாலம், விழுகிற பெண். அண்ணி கண்ணை மூடிக்கொள்கிறார். அறை முழுக்க அண்ணனின் — [குரலை எழுத வேண்டிய இடம் வந்துவிட்டது. நிறுத்தியாயிற்று.]

ஆ. டாக்டரிடம் பிரிக்காத பழைய கேசட் ஒன்று இருக்கிறது. அண்ணிக்காக அவர் வாழ்க்கையில் முதல்முறையாக மேல்தாளைக் கிழிக்கிறார். உள்ளே — பூஞ்சைக்குப் பிளாஸ்டிக் தாள் ஒரு பொருட்டா? டாக்டருக்குப் பெட்டியும் போச்சு. ஒரு நல்ல மனிதரை வீணாக அழவைப்பானேன்?

இ. பெட்டி வருகிறது. வேறு ஆளின் குரல். அண்ணி ரிமோட்டை எடுத்து ஒலியை நிறுத்திவிட்டு, படத்தை மட்டும் கடைசிவரை —

இல்லை. அண்ணி அப்படிச் செய்யமாட்டார். டிவியை அணைத்துவிட்டு வேலைக்குப் போவார்.

பெட்டி வெளிவரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குழுவில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். தம்பி ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டு, அதற்கு நல்ல முடிவாவது எழுத வக்கில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

7.

முடிவை எழுதப்போவதில்லை. கண்ணாடிக் கடையில் நடந்ததை அப்படியே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். [இந்த 'ஏன்' விகுதி தெரிந்தேதான்.] கதைக்கு அதன் பிறகு என்ன ஆக வேண்டும் என்பது உங்கள் பாடு.

மத்தியானம். கடையில் வேறு யாரும் இல்லை. அண்ணி வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். கண் காட்ட வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் தம்பி உட்கார்ந்தான்.

"அண்ணி, அந்தக் கடைசி வரி நான் சேர்த்தது. கம்பெனி சொல்லல."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீதான் குழுவுலயே அழுதியே, கதை கதைன்னு. எல்லாத்தையும் மேல தள்ளிப் படிச்சேன். டாக்டர் உன்னை நம்பலன்னா நானும் நம்பக்கூடாதா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"அதுக்கடுத்த வாரமே கம்பெனிக்குப் போனேன். சவுண்டு பாக்குற ஆள் சாப்பிட வெளிய வர்ற வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தேன். நல்ல மனுஷர், சுத்தி வளைக்கல. பழைய டேப் இல்லையாம். அந்தக் காலத்துலயே அது மேல வேற எதையோ பதிஞ்சுட்டாங்களாம்."

"வேற எதையோன்னா?"

"சோப்பு விளம்பரம்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கும். சிரித்து முடிக்கிறவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அப்ப பிளேயர் எதுக்கு வாங்கினீங்க?"

"கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லி வெச்சது. வந்துருச்சு."

"இல்லன்னு தெரிஞ்சும் அந்தக் குழுவுல இன்னும் ஏன் இருக்கீங்க?"

"டாக்டர் நல்லாப் பேசுறார்."

"அண்ணி."

"பொழுது போகணும்ல?"

"நேராச் சொல்லுங்க அண்ணி."

அண்ணி வில்லையைத் துடைப்பதை நிறுத்தினார். "உனக்கு உங்க அண்ணன் குரல் ஞாபகம் இருக்கா?"

"இருக்கே."

"எப்படி இருக்கும்? சொல்லு."

"கனமா... கனமா இருக்கும். பேசினார்னா..."

அண்ணி காத்திருந்தார். அவர் வேலையே அதுதான், எதிரே இருப்பவன் தெரிகிறதா இல்லையா என்று சொல்கிறவரை காத்திருப்பது. தம்பி எதிர்ச் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்தான். பெரிய எழுத்துகூடக் கலங்கலாக இருந்தது.

"எனக்கும் மறந்துபோச்சு, தம்பி" என்றார் அண்ணி. "அந்த டாக்டருக்கு ஞாபகம் இருக்கு. அதான் அங்க போய் உக்காந்திருக்கேன்."