பட்டைத் தின்ற தூள்

மலாக்காவில் விமலனின் டோபி கடையில் நான் சேர்ந்தபோது என் உயிர்வேதியியல் பட்டச் சான்றிதழை அவர் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து என்னை வாணி என்று கூப்பிட்டதே இல்லை. "டிகிரி, அந்த பாஜு சட்டையை மடிச்சு வை" என்பார். எனக்கும் அவர்மேல் மரியாதை கிடையாது. எந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படிக்காத மனிதர்.

ஒரு விற்பனையாளனின் பேச்சில் மயங்கி என்சைம் சலவைத் தூள் பத்து மூட்டை இறக்கினார். ரத்தக் கறையும் முட்டைக் கறையும் போனது உண்மைதான். அதோடு விட்டிருக்கலாம். தமது பட்டு வேட்டியையும் அதில் ஊறப்போட்டார்.

"அண்ணே, பட்டை இதுல போடாதீங்க."

"ஏன், பட்டுக்கு அலர்ஜியா?"

"இந்த என்சைமே ஒரு புரதம்ணே. அமினோ அமிலம் ஒண்ணோட ஒண்ணு சங்கிலியா கோத்து, மடிஞ்சு உருண்டையா நிக்கிது. அதுல ஒரு குழி. அந்தக் குழியில மாட்டுற புரதத்தை வெட்டிரும். ரத்தமும் புரதம், பட்டும் புரதம். எது கறை, எது வேட்டின்னு அதுக்குத் தெரியாது."

"புரதம்னா கோழி, முட்டை. இது துணி லா. யூனிவர்சிட்டியில இதைத்தான் படிச்சியா?"

கடையில் நின்ற வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். இஸ்திரி போடும் குஞ்சம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

வாடிக்கையாளர்களின் பட்டை நானும் அக்காவும் அவருக்குத் தெரியாமல் ஷாம்பூவில் அலசிக் கொடுத்தோம். அவருடைய வேட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. வாராவாரம் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டார். மூன்று மாதத்தில் பளபளப்பு போய்ச் சாக்குபோல ஆனது. "அழுக்கு போனா இப்படித்தான் இருக்கும்" என்றார்.

ரெம்பியா ஊர்க் கோயில் திருவிழாவில் அவர்தான் தலைவர். அதே வேட்டியைக் கட்டிக்கொண்டு பால்குடத்தைத் தூக்கக் குனிந்தார். வேட்டி இடுப்பிலிருந்து முழங்கால்வரை கிழிந்தது. நாதஸ்வரக்காரர் ஒரு கணம் ஊதுவதை நிறுத்திவிட்டார். யாரோ ஒரு துண்டைக் கொடுத்தார்கள். கூட்டத்தின் பின்னால் நின்ற நான் சிரிப்பை அடக்கவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தமும் இல்லை.

திங்கட்கிழமை கடைக்கு வந்ததும் தூள் பாக்கெட்டை அவர் முன்னால் திருப்பி வைத்தேன். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது என்று மலாயில் அச்சிட்டிருந்தது.

"இதெல்லாம் சட்டத்துக்காகப் போடுறது. வேட்டி வித்தவன் என்னை ஏமாத்திட்டான்" என்றார்.

எங்களுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகவே போனை ஸ்பீக்கரில் போட்டு, காஞ்சிபுரத்துக் கடைக்காரரை அரைமணி நேரம் திட்டினார். எல்லாம் முடிந்தபிறகு கடைக்காரர் சாந்தமாகக் கேட்டார்:

"எதுல துவைச்சீங்க, சார்?"

விமலன் போனை வைத்துவிட்டார்.