நாலு மணி முதல் ஆறு மணி வரை

விருந்துக்கு அழைக்கிறவர்கள் எப்போது வர வேண்டும் என்று சொல்வார்கள். எப்போது கிளம்ப வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. ஹார்ட்லி துரை அனுப்பிய அட்டையில் அப்படித்தான் இருந்தது: சனிக்கிழமை, தேநீர், நாலு மணி முதல் ஆறு மணி வரை.

"கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுறதுக்கும் நேரம் போட்டிருக்காரு உங்க துரை," என்றேன்.

என் கணவர், இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது அவங்க மரியாதை, சந்திரா. ஆறுன்னா ஆறு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் உக்காரக் கூடாது."

மலாயாவுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா ஆகி மூன்று வாரம். துரை திங்கட்கிழமை சீமைக்குக் கப்பலேறுகிறார். இவர் அவர் ஆபீஸில் பதினோரு வருஷம் கணக்கெழுதும் கிராணி, ஒரு சுடுசொல் வாங்கியதில்லை. கடைசி நாளில் என்னால் அந்தப் பெயர் கெட்டுவிடுமோ என்றுதான் பயம். காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் டிரைஷா வண்டி ஏறியதிலிருந்து புக்கிட் பாருவில் துரை வீட்டில் போய் இறங்கும்வரை எனக்குப் பாடம் நடந்தது. உறிஞ்சிக் குடிக்காதே. வீட்டு விஷயம் கேட்காதே. நான் எழுந்தால் நீயும் எழுந்துவிடு.

வீடெல்லாம் மரப்பெட்டிகள். துரையம்மா மார்கரெட் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. துரையே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "இன்னொரு துண்டு கேக்?" என்றார். முறைப்படி "வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான், தட்டை எடுத்துப் போய்விட்டார்! மூன்று தடவையாவது கேட்க வேண்டாமா? எனக்கு நிஜமாகவே பசி.

ஆறு அடித்தது. இவர் எழுந்தார், நானும் எழுந்தேன். துரை கை குலுக்கக் கையை நீட்டியபடி, "அதற்குள்ளாகவா? போய்த்தான் ஆக வேண்டுமா?" என்றார். நான் கான்வென்டில் படித்தவள், அந்த இங்கிலீஷ் எனக்குப் புரியும். வீட்டுக்காரர் இரு என்று சொன்ன பிறகு நடையைக் கட்டுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அது சும்மா பேச்சுக்குச் சொல்றது, எந்திரி," என்று தமிழில் பல்லைக் கடித்தார்.

"மனுஷன் வாய்விட்டுக் கேட்டுட்டாரு. சும்மான்னு எப்படி எடுத்துக்கிறது?"

துரை மெதுவாக உட்கார்ந்தார். கேட்கக் கூடாததை நான் கேட்டேன்: ராத்திரிக்கு யார் சமைப்பார்கள்? சமையல்காரரை நேற்றே கணக்குத் தீர்த்து அனுப்பியாகிவிட்டதாம். ரொட்டியும் டின் சார்டினும் இருக்கிறதாம். நான் நேரே குசினிக்குப் போய்விட்டேன். வெங்காயமும் மிளகாயும் கிடைத்தன, சார்டினைக் காரமாகப் பிரட்டி வைத்தேன். துரைக்கு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது, ஆனாலும் தட்டை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டார். மார்கரெட்டுக்கும் காரம் பிடிக்கும் என்றார். பிறகு அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இவர் மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு நானே எழுந்தேன். "போயிட்டு வர்றோம் சார்."

வாசல்வரை வந்த துரை அதே "போய்த்தான் ஆக வேண்டுமா?"வைச் சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

"வந்தவர்கள் எல்லாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன், மிஸஸ் சுந்தரம். முன்பெல்லாம் வெறும் பேச்சுக்கு. மார்கரெட் போன பிறகு ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே கேட்டேன். எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள். போய்விட்டார்கள்."

பக்கத்தில் திரும்பினேன், இவரைக் காணோம். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், இன்னொரு கப் தேத்தண்ணி கிடைக்குமா?"

பதினோரு வருஷத்தில் இவர் துரையிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.