சேவல் இல்லாத முட்டை

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏசி காரில் வந்திறங்கிய தனசேகர் பிரதருக்கு முட்டையைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. நாமக்கல் பக்கத்துச் சின்னச் சபையில் ஈஸ்டர் அன்று பிள்ளைகளுக்கு உயிர்த்தெழுதலை விளக்க வந்தவர், சாயம் பூசிய வேகவைக்காத முட்டைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். முட்டைதான் கல்லறையாம். விசுவாசத்தோடு கதகதப்பாக வைத்திருந்தால் இருபத்தொன்றாம் நாள் ஓட்டை உடைத்துக்கொண்டு உயிர் வெளியே வருமாம்.

அது சுத்தப் பொய் என்று ஞாயிறு பள்ளி டீச்சர் அறிவுச்செல்விக்குத் தெரியும். வாரத்தில் ஆறு நாள் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள் அவள். பண்ணைக் கூண்டுக்கோழி சேவலின் முகத்தையே பார்த்ததில்லை; அதன் முட்டையைத் தலைகீழாக நின்று அடைகாத்தாலும் குஞ்சு வராது. சபையில் பாதிப் பேர் பண்ணையில் வேலை செய்கிறவர்கள். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! சபைக்குப் புதுக்கூரை போட்டுத் தருவதாகச் சொன்ன பெரிய மனிதர் ஆயிற்றே. இளித்துக்கொண்டு கைதட்டினார்கள். அவளும்தான் தட்டினாள்.

மற்ற பிள்ளைகள் அன்றைக்கே ஆம்லெட் போட்டுத் தின்றுவிட்டார்கள். ஏழு வயது இனியா மட்டும் தின்னவில்லை. தை மாதம்தான் அவள் அம்மாவைப் புதைத்திருந்தார்கள். அப்பா மணிமாறன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட, அத்தை வீட்டில் இருந்தாள். முட்டையை அம்மாவின் சேலைக் கிழிசலில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள். குஞ்சு வந்துவிட்டால் அம்மாவும் வந்துவிடும் என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு ஞாயிறும் வந்து, குஞ்சு வந்துவிடுமா என்று கேட்பாள். அறிவுச்செல்வியும் தினம் ஜெபம் பண்ணு என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

இருபத்தொன்றாம் நாளும் ஞாயிறாக வந்தது. ஆராதனை நடுவில் இனியாவின் மடியில் முட்டை வெடித்தது. சித்திரை வெயிலில் அழுகிய நாற்றம் சபையைத் தூக்கியது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். சபைப் பாஸ்டரோ, பிள்ளைக்கு விசுவாசம் பத்தவில்லை என்று மைக்கிலேயே சொன்னார். அந்த மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அறிவுச்செல்விக்கு.

குழாயடிக்கு இழுத்துப்போய்ப் பிள்ளையின் கையைக் கழுவினாள். கறுத்த கொழகொழப்பு விரலிடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது.

“எங்கம்மாவும் குழிக்குள்ள இப்படித்தான் நாறுதுங்களா, டீச்சர்?”

இனியும் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு கூசியது.

“ஆமா சாமி, நாறும். நாறி மண்ணாப் போனாலும் ஒருநாள் ஆண்டவரு எழுப்புவாருன்னு நம்பறோம். அது என்னைக்குன்னு யாருக்கும் தெரியாது. முட்டை பொரியற மாதிரி நாள் சொல்ல முடியாது. இந்த முட்டையில குஞ்சே கெடையாது, சாமி. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

இனியா அவள் முகத்தையே பார்த்தாள்.

“தெரிஞ்சேதான் தெனம் ஜெபம் பண்ணச் சொன்னீங்களா?”

 அந்த நாற்றத்தைவிடத் தன் மேலேயே அறிவுச்செல்விக்கு அருவருப்பாக இருந்தது. மறுபடி கையைப் பிடிக்கப் போனாள். இனியா எட்ட நகர்ந்து, மீதியைத் தானே கழுவிக்கொண்டாள்.