கண்டுகொள்ளாமை

மனைவி மங்கையர்க்கரசி வலது காலை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்த நேரத்தில், சிங்காரவேலு வாயைத் திறந்து, "எங்க போற?" என்று கேட்டுவிட்டார்.

புறப்படுகிறவரை அப்படிக் கேட்கக் கூடாது. போகிற காரியம் விளங்காது. கேட்டே தீர வேண்டுமென்றால் "எவ்வளவு தூரம்?" என்று கேட்கலாம். இது சிங்காரவேலுவுக்கும் தெரியும். ஆனால் அவருடைய வாய் அவருக்கு முன்பே எழுந்து பல் துலக்கிவிடும் ரகம்.

அன்று அந்தத் தெருவிலிருந்து கிளம்பிய யாருடைய காரியமும் நடக்கவில்லை. பேருந்துகள் பாதி வழியில் ஊர்ப்பெயரை மறந்து திரும்பி வந்தன. பெண் பார்க்கப் போனவர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணையே பார்த்து, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள். மங்கையர்க்கரசி மட்டும் திரும்பவில்லை.

சாயங்காலம் தெருவே கூடி சிங்காரவேலுவை கெட்ட பழக்கங்களை விடவைக்கும் நடத்தைக் குறைப்பு நிலையத்தில் கொண்டுபோய்த் தள்ளியது.

"குணமாகாம அனுப்பாதீங்க," என்றார் எதிர்வீட்டுக் கந்தப்பன். "அனுப்பினாலும் நாங்க வாங்க மாட்டோம்."

பயிற்சியாளர் பெயர் பிரிசில்லா. சிங்காரவேலுவுக்கு மகள் இல்லை; இருந்திருந்தால் இந்த வயதில், இதே கண்டிப்போடு இருந்திருப்பாள். கையில் தேன்மிட்டாய் ஜாடி.

"கேள்வி கேட்டு என்ன லாபம் பாக்கறீங்க சார்? நாலுதான் இருக்கு. அடுத்தவங்க நம்மளக் கவனிக்கணும். வேலையிலேருந்து தப்பிக்கணும். எதையாவது வாங்கணும். இல்லன்னா சும்மா, வாய்க்கு ருசி."

"என் சம்சாரம் எங்கன்னு தெரிஞ்சுக்கணும்மா."

"அப்படி ஒண்ணு கிடையாது சார்."

சிகிச்சை ஆரம்பமானது. அதற்குப் பெயர் கண்டுகொள்ளாமை. பலன் கிடைக்காத பழக்கம் பட்டினி கிடந்து செத்துவிடுமாம். அவர் 'எங்க' என்றதும் பிரிசில்லா ஜன்னலைப் பார்ப்பார். நாற்காலி முதுகைக் காட்டும். கடிகாரம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும். கண்ணாடிக்குள் இருந்த சிங்காரவேலுகூட, பேச்சை வளர்க்க விரும்பாதவன் போல வேறெங்கோ பார்த்துத் தலை சீவினான். சொந்த முகமே மதிக்கவில்லை என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

பழக்கம் சாகவில்லை. கொழுத்தது. அவர் குழாயிடம் கேட்டார். சட்டைப் பொத்தானிடம் கேட்டார். கேள்வி விக்கல் மாதிரி வந்தது. கடைசியில் சுவரில் அறைந்து, "என் மங்கை எங்க?" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

பிரிசில்லாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அணையப்போற விளக்கு குப்புன்னு எரியும் சார். ரொம்ப நல்ல அறிகுறி."

"எனக்கு வயிறு எரியுதும்மா."

அது கேள்வி இல்லை என்பதால் ஒரு தேன்மிட்டாய் கிடைத்தது.

பிறகு மாற்றுப் பழக்கம். ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் இன்னொன்றை நட்டுவிட வேண்டும்.

"சொல்லுங்க சார். எவ்வளவு தூரம்?"

"எவ்வளவு தூரம்."

மிட்டாய்.

அவர் சொல்லச் சொல்ல, வெளியே நடைவழி ஒவ்வோர் அறையாக நீண்டது. தலைவாசல் கடுகளவு ஆனது. 'எங்கே' என்ற சொல் பால்பல் மாதிரி ஆடி, ஒருநாள் சாப்பிடும்போது தட்டில் விழுந்தது. அவர் எடுப்பதற்குள் பிரிசில்லா அதைத் தட்டோடு கொண்டுபோய்விட்டார்.

அன்று மிட்டாயைக்கூடப் பார்க்காமல், கையைக் கட்டிக்கொண்டு அவர் கேட்டார்: "டீச்சர், என் சம்சாரம் எவ்வளவு தூரம்?"

முறையாகக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அது நிலையத்தின் விதி. பிரிசில்லா ஜாடியைக் கீழே வைத்தார். முதல் முறையாக ஜன்னலை விட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"அடுத்த ரூம், சார். அன்னிக்கு அவங்க கிளம்பினதே இங்க வரத்தான். நீங்க கூப்பிட்டா ஓடி வர்ற பழக்கத்த விட்டுடணும்னு அவங்களே வந்து சேந்தாங்க. மொதல்ல உங்க சத்தம் கேட்டாலே எந்திரிச்சு கதவுகிட்ட வந்துடுவாங்க. இப்ப வர்றதில்ல."