மஞ்சள் சீட்டு

அறைக்குள் வெப்பம் இருபது டிகிரியைத் தாண்டினால் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். காலை ஒன்பது மணிக்கு ஸ்வெட்டரும் சாக்ஸுமாக உள்ளே நுழைந்த மைக்ரான், பன்னிரண்டு வெண்கலப் புஷ்களையும் துடைத்துக் கருங்கல் பலகைமேல் வரிசையாக வைத்துவிட்டு, விளக்கு பச்சையாகத்தான் இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தாள். இனி நாலு மணி நேரம் அவை குளிரில் கிடக்க வேண்டும். சூட்டோடு அளந்தால் உலோகம் பொய் சொல்லும். ஜன்னல் இல்லாத அறை. பட்டறைப் பக்கம் ஒரு தடித்த கண்ணாடி, அதற்குக் கீழே சாமானை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் ஒரு தட்டு. ஐந்து வருஷமாக அவள் பகல்பொழுதைப் பார்ப்பது அந்தக் கண்ணாடி வழியாகத்தான்.

மைக்ரான் என்பது லேத் ஓட்டுகிறவர்கள் வைத்த பெயர். ஒரு தலைமுடியை எழுபதாக வகிர்ந்தால் ஒரு கீற்று வருமே, அதுதான் ஒரு மைக்ரான். அந்த மாதிரி நாலைந்து கீற்றுக்காக இவள் திருப்பி அனுப்பிய புஷ்களை உருக்கினால் ஆள் உயரத்துக்குச் சிலை வார்க்கலாம் என்று மூத்த லேத்காரர் பல்லைக் கடிப்பார். இப்போது பட்டறை முதலாளியான அவள் அண்ணனும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அவளுடைய சொந்தப் பெயர் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. வம்பே அங்கேதான்.

புஷ் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை, கட்டைவிரல் நுழைகிற ஒரு வளையம். விமானத்தின் சரக்குக் கதவு மடங்குகிற கீலுக்குள் உட்காரும். விமானத்தைச் செய்த கம்பெனியே அதையும் விற்கிறது. மற்றவர்களும் செய்து விற்கலாம், ஆனால் அசலுக்கு இது எள்ளளவும் குறையவில்லை என்று விமானப் பாதுகாப்பு அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலுக்குத்தான் அண்ணன் நாலு வருஷமாக நாய் படாத பாடு படுகிறார். முதல் தடவை மாதிரிக்கு வாங்கிய புஷ்கள் பறந்து தேய்ந்தவை. தேய்மானத்தையும் சேர்த்து அச்சு அசலாக வரைந்து அனுப்பியிருந்தார்கள்! இரண்டாம் தடவை உலோகச் சான்றிதழில் தேதி இல்லை. மூன்றாம் தடவை ஏன் திரும்பியது என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. இந்த முறை அதிகாரியே நேரில் பார்க்க வருகிறார். இதுவும் தவறினால் ஆர்டர் தருவதாகச் சொன்ன விமானக் கம்பெனி காத்திருக்காது. பட்டறையில் பதினாலு பேர் இருக்கிறார்கள்.

தரக் கையேட்டை எழுதியது மைக்ரான்தான். வேலை இப்படித்தான் நடக்கும் என்று அதில் எழுதி அனுப்பிவிட்டால் அப்புறம் அதுதான் வேதம். எழுதியவரே நினைத்தாலும் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு வரி மாற்ற முடியாது. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரே ஒரு பெட்டியோடு புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தாள் அவள். வந்த மூன்றாம் நாள் அண்ணி துணி மடித்துக்கொண்டே, "எத்தனை நாள் இருப்பே?" என்று கேட்டாள். அலமாரியை ஒழித்துக் கொடுக்கத்தான் கேட்டாள், பாவம். ஆனால் நொந்த மனசுக்கு அதெல்லாம் எங்கே விளங்கும்? சுருக்கென்று தைத்தது, தைத்தது தைத்ததுதான். பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். கையேட்டை எழுது என்று அண்ணன் சொன்னபோது, பரிசோதகர் என்று வந்த இடத்திலெல்லாம் தன் பெயரைப் போட்டாள். இவள் அளக்காமல் எதுவும் வெளியே போகாது. இவள் அளக்கும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது. அளந்த சாமானில் இவள் மாட்டிய சீட்டை இவளைத் தவிர யாரும் எடுக்கக் கூடாது. மொத்தம் பதினேழு இடம். இனி என்னை யார் அனுப்புவார்கள், பார்த்துவிடலாம்! அண்ணனோ, "என் தங்கச்சிக்கு எவ்வளவு பொறுப்பு பார்" என்று பூரித்துப்போனார்.

இப்போது அவளையே அழைத்துப் போக ஆள் வந்திருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பல் செட் செய்கிற மனிதர், மனைவியை இழந்தவர். ஒரு மழைநாளில் அவர் கடைக்குள் ஒதுங்கியவள், மேசைமேல் இருந்த பல்லை எடுத்துப் பார்த்து, "இந்த ஓரம் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று சொல்லிவிட்டாள். வாய் சும்மா இருந்தால்தானே! அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ராவிவிட்டு, "இப்ப பாருங்க" என்று மறுபடியும் நீட்டினார். அதற்கப்புறம் ஒரு வருஷமாக மழை இல்லாத நாளிலும் ஒதுங்குகிறாள். இந்த மாதக் கடைசியில் அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார்.

"நீங்களும் வந்தா நல்லா இருக்கும். வராட்டியும் கோவமில்ல. ஆனா எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க" என்றார்.

ஆடிட் முடியட்டும் என்றாள் மைக்ரான். ஒப்புதல் வந்துவிட்டால் அண்ணன் மனசு குளிர்ந்திருக்கும், அந்த நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அந்த ஒப்புதலே தன் பெயரை நம்பித்தான் வரும் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததை நாளைக்கு என்று தள்ளிப்போடுவதில் அவளும் நம்மைப் போலத்தான்.

பதினொரு மணிக்கு வந்த அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. டீ வேண்டாம் என்றார், பிஸ்கட் வேண்டாம் என்றார். அண்ணனின் மேசையில் உட்கார்ந்து கையேட்டைப் புரட்டிக்கொண்டே போனவர், கடைசிப் பக்கம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ரானைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல்னா என்னம்மா பண்ணுவாங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "இவளுக்குக் காய்ச்சலே வந்ததில்ல மேடம்."

அதிகாரி சிரிக்கவில்லை. ஒரே ஆளை நம்பி ஒப்புதல் தர முடியாது என்றார். இரண்டு வழி சொன்னார். இன்னொருவருக்குப் பயிற்சி கொடுத்து, கையேட்டை மாற்றி, மறுபடியும் அனுப்பலாம். வரிசையில் நின்று வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். இல்லையென்றால், மூன்று வருஷம் இங்கேயே இருந்து மாற்று ஆளைத் தயார் செய்வேன் என்று பரிசோதகரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாலு மணிக்குத் தன் ரிப்போர்ட்டை முடிக்கப்போவதாகவும் சொன்னார்.

"இதுக்கு எதுக்கு மேடம் யோசனை? இவ எங்க போகப்போறா! எழுதியே குடுத்திடறோம்" என்றார் அண்ணன்.

அந்தக் குரலில் ஒரு துளி குத்தல் கிடையாது. பாசம்தான், பெருமைதான். அதுதான் மைக்ரானுக்குத் தாங்க முடியவில்லை. எத்தனை நாள் இருப்பாய் என்று ஒருத்தி கேட்டதற்கு ஐந்து வருஷம் புழுங்கியாயிற்று. இனி அந்தக் கேள்வியைக் கேட்க இந்த வீட்டில் யாருக்கும் தோன்றவே தோன்றாது. இல்லண்ணா, நான் போகணும் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். நாலு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது. எழுந்த நாக்கு அப்படியே படுத்துக்கொண்டது. மணி ஒன்றாகப்போகிறது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கையுறையை மாட்டிக்கொண்டு அளக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் அளந்து எழுதி, தேறியதற்குப் பச்சைச் சீட்டு மாட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று தேறிவிட்டது. கையுறையைக் கழற்றிப் பதினோராவது வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிமிராமல் பன்னிரண்டாவதை எடுத்தபோது தட்டு உள்ளே நகர்ந்து வந்தது.

அதில் டைப் செய்த ஒரு காகிதம், மேலே ஒரு பேனா. "என் முழு விருப்பத்துடன்" என்று தொடங்கியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அண்ணன் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார், அவள் தேட வேண்டாம் என்று. கண்ணாடிக்கு வெளியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அவருக்குப் பின்னால் லேத்காரர்கள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள்.

மைக்ரான் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். மேசைமேல் மூன்று கட்டுச் சீட்டு இருந்தது. பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் ஆகாது. மஞ்சள் என்றால் சந்தேகம் தீரும்வரை அப்படியே இருக்கட்டும். பச்சை போட்டால் பல் செட்காரர் இந்த மாதக் கடைசியில் தனியாகப் போய்விடுவார். சிவப்பு போட அவளுக்குக் கை வராது, வெளியே நிற்பவர்களின் முகமெல்லாம் தெரிகிறதே. ஒரு மஞ்சள் சீட்டை எடுத்துக் காகிதத்தின் மூலையில் கிளிப்போடு மாட்டினாள். மஞ்சள் சீட்டில் காரணம் எழுதாமல் விடக் கூடாது, அதுவும் அவள் போட்ட விதிதான். "பரிசோதகரைக் கேட்கவில்லை" என்று எழுதித் தட்டை வெளியே தள்ளினாள்.

அண்ணன் சிரித்த முகத்தோடுதான் கையை நீட்டினார். மஞ்சளைப் பார்த்ததும் கை அந்தரத்தில் நின்றது. ஐந்து வருஷப் பழக்கம். மஞ்சள் சீட்டு மாட்டியதை இந்தப் பட்டறையில் முதலாளிகூடத் தொட மாட்டார். தொடாமலே குனிந்து படித்தார். நிமிர்ந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்னும் ஒரு புஷ் பாக்கி. அதை அளந்து முடிக்காமல் கதவைத் திறக்கக் கூடாது. எங்கே என்று பலகைமேல் தேடினாள். இடது கையிலேயே இருந்தது. இவ்வளவு நேரமும் வெறுங்கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். விரித்தால் உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்த தடம், புஷ் அவள் சூடெல்லாம் ஏறி வெதுவெதுவென்று கிடந்தது. அதைத் துடைத்துப் பலகைமேல் வைத்தாள். அண்ணன் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அது குளிரும்வரை அவளும் நின்றாள்.