கீழிறங்கிய கசப்பு

பாறை இடுக்கில் ஒரு பச்சை. விரல் உயரம்கூட இல்லை. காற்றடித்தால் சுற்றியிருக்கும் புல்லெல்லாம் குனியும். செடி குனியாது. குனிய அதற்கு உயரமே இல்லை.

கடுகுரோகிணி. இமயமலையில், மரங்கள் போதுமென்று நின்றுவிட்ட இடத்துக்கும் மேலே, தரையோடு ஒட்டிக் கிடக்கும். குளிரையெல்லாம் வேருக்குள் கசப்பாகச் சேர்க்கும். அந்தக் கசப்புதான் மருந்து.

சகாயமேரி சில செடிகளைப் பெயர்த்து அடிவாரத்தில் நட்டாள். ஆராய்ச்சி. உயரம் குறைந்தால் செடி என்ன ஆகும்?

கொழுத்தது. இலை அகன்றது. பார்த்தவர்களெல்லாம், "இங்க வந்து நல்லா இருக்குல்ல" என்றார்கள். அவள் வேரைக் கிள்ளி நாக்கில் வைத்தாள்.

சப்பென்று இருந்தது.

நல்லா இருக்கு. கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவையும் அப்படித்தான் சொல்கிறார்கள். தலை நரைக்கும்வரை வால்பாறையில் தேயிலை கிள்ளியவள். வேலை முடிந்ததும், தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னது எஸ்டேட். ஒரு சுவர்கூட அவளுக்கு மிச்சமில்லை.

பொள்ளாச்சியில் வாடகை வீடு. வெயில். மின்விசிறி. அம்மா சதை போட்டாள். மூச்சுதான் இளைத்தது. இனி மலைக்குளிர் ஆகாது என்றுவிட்டார் டாக்டர்.

மேலே இருந்தவரை அம்மாவின் வாய்க்கு மேஸ்திரியே பயப்படுவார். "பொட்டப்புள்ள படிச்சு என்னத்தக் கிழிக்கப் போவுது" என்றவரிடம், "எம்மவ கிழிப்பா, நீ உக்காந்து தச்சுக்கிட்டுக் கெட" என்றவள்.

இப்போது எதற்கும், "சரி பாப்பா. நீ சொன்னா சரி."

திட்டும்மா. ஒரு தடவை திட்டித் தொலையேன்.

பனிக்காலத்துக்கு முன்னால், அடிவாரச் செடி ஒன்றை மேலே கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே நட்டாள். அதே மண். அதே பாறை.

முதல் பனி விழுந்தது. விடிந்து பார்த்தால், அகன்ற இலைகள் கருகித் தொங்கின. ஒட்டிக் கிடக்க அதற்கு மறந்துபோயிருந்தது.

அங்கே நின்றிருக்கும்போதுதான் போன் வந்தது.

"பாப்பா." இழுத்து இழுத்து மூச்சு. "மேலயே போயிரலாமா? லயத்துல யாரு வீட்டுலயாச்சும் ஒரு ஓரமாப் படுத்துக்கிறேன். மழைய மட்டும் பாத்துட்டு."

கருகிய இலை அவள் கையில். மேலே போனால் என்ன ஆகுமென்று அவளுக்குத் தெரியும்.

"என்னடி, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? ஆமா இல்லன்னு சொல்லித் தொலையேன், மூதேவி."

எத்தனை காலமாயிற்று. நாக்கின் அடியில் இறங்கியது அந்தக் கசப்பு.

"போலாம்மா," என்றாள்.

காற்றடித்தது. பாறை இடுக்கில், பெயர்க்காமல் விட்ட அந்தப் பச்சை குனியவில்லை.

சகாயமேரி குனிந்தாள்.